சிவப்புத் தாமரை ஏந்திய ராணி

றோய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தான். இரண்டாவது வாய்க்கு மனம் வரவில்லை. சீனி விழவேண்டிய இடத்தில் உப்பு விழுந்திருந்தது.

எதிரே இருந்த அஜந்தா அதே தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் பாதிவரை குடித்து முடித்திருந்தாள். "மிஸ், உங்கட கோப்பையிலயும்..." என்று அவன் வாயெடுத்ததுதான் தாமதம், மேசைக்கு அடியில் அவளுடைய செருப்பு அவன் பெருவிரலை மிதித்தது. றோய் வாயை மூடிக்கொண்டான். அஜந்தா காலை மிதித்தால் காரணம் இருக்கும். அந்தக் காரணம் அவனுக்கு விளங்க வழக்கமாக அரைநாள் பிடிக்கும்.

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் விடுதி அது. சண்டை முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து நண்டுக்கறி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை, மண்டபத்துச் சுவரில் தொங்கும் அந்தப் பழைய படத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

அஜந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருடம் தபாற் கந்தோரில், முகவரி பிழைத்த கடிதங்களைத் திறந்து பார்த்து உரியவரைக் கண்டுபிடிக்கும் மேசையில் இருந்தவள். வேலையை விட்ட பிறகு கடிதங்களுக்குப் பதிலாக மனிதர்களைத் தேடிக் கொடுக்கத் தொடங்கினாள். றோய் அவளை விட மூன்று வயது மூத்தவன், ஓட்டோக்காரன். சாரதி, காவல், கைக்கணக்கு, பகிடி எல்லாம் அவன் பொறுப்பு.

"வடிவான படம், என்ன?" என்றார் அவர்களை அழைத்திருந்த அழகரத்தினம். வெள்ளைச் சேட்டு, தங்கப் பேனா, அறுபது வயது. மூன்று பஸ்ஸுக்கும் ஒரு அரிசி ஆலைக்கும் சொந்தக்காரர். அவருடைய கோப்பை மட்டும் தொடப்படாமல் இருந்தது. தேத்தண்ணி வருமுன்னமே தம்பி சதீசனின் பெயரை இரண்டு தரம் உரக்கச் சொல்லிவிட்டார்.

வடிவான படம்தான். கறுப்பு வெள்ளை. அடியில் ஸ்டூடியோக்காரன் வளைத்து வளைத்து எழுதியிருந்தான்: கல்லாறு வெண்ணிலா நாடக மன்றம், 1973. ஏழு பேர். நடுவில் ராசா, அரிவாள் மீசை, மார்பு நிறையச் சரிகை. ஆனால் இடது கையில் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தார். அவர் காலடியில் ஆர்மோனியக்காரர், விரல்கள் கட்டையில், கண்கள் வேறெங்கோ. மத்தளக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். இரண்டு மந்திரிகள், ஒரு கோமாளி. ராசாவுக்கு இடப்பக்கம் ராணி. மெல்லிய கழுத்து, சாய்ந்த பார்வை, கையில் ஒரு தாமரை. ராணி ஓர் ஆண் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். படம் முழுவதும் சாம்பல் நிறமாக இருக்க, அந்தத் தாமரை மட்டும் சிவப்பாக இருந்தது. யாரோ மையால் தீட்டியிருந்தார்கள்.

"ராசாவ விட ராணிக்குத்தான் கம்பீரம்" என்றான் றோய். இதை அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

"அது என்ட சித்தப்பா சாமித்தம்பி" என்றார் அழகரத்தினம். "இந்தப் படம் பெரியகல்லாத்தில அவர்ர வீட்டில தொங்கினது. சுனாமியில வீடு அடியோட போச்சு. உள்ள இருந்த அவர்ர மகன், தம்பி சதீசனையும் கடல் கொண்டு போயிட்டு. உடம்பு கூடக் கிடைக்கல்ல. அந்தக் குடும்பத்தில இப்ப ஒருத்தரும் இல்ல, என்னத் தவிர. போன கிழமை இஞ்ச சாப்பிட வந்து நிமிந்து பாக்கன், சுவரில இது! ஒரு சொட்டுத் தண்ணி படாம!"

சமையலறைப் பக்கம் ஒரு மூடி விழுந்து உருண்டது.

"இதக் கொண்டு வந்த ஆள் ஆரெண்டு கண்டுபிடிக்கணும் தங்கச்சி. கண்டுபிடிச்சா எனக்கு மட்டும் சொல்லுங்க. பொலிசு கிலிசு தேவல்ல."

அஜந்தா எழுந்து படத்துக்குக் கிட்டப் போனாள். "ஏழு பேர் நிக்காங்க ஐயா. ஆளுக்கொரு பிரதி குடுத்திருப்பாங்க. இது உங்கட சித்தப்பா வீட்டுப் பிரதிதான் எண்டு எப்படிச் சொல்றீங்க?"

அழகரத்தினத்தின் கண்கள் படத்தில் மேலும் கீழும் அலைந்து ஓரிடத்தில் நின்றன. "அந்தப் பூ! சின்ன வயசில நான்தானே அந்த வீட்டில இருந்து சிவப்பு மையால தீட்டினன். மறக்குமா?"

"மறக்காதுதான்" என்றாள் அஜந்தா. படத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினாள். சட்டத்துக்குப் பின்னால் பலகைக்குப் பதிலாக, நிவாரணச் சாமான் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வைத்திருந்தது. பால்மாப் படம் பாதி தெரிந்தது. அவள் படத்தை மாட்டிவிட்டு, "பின்னேரத்துக்குள்ள சொல்றன் ஐயா" என்றாள்.

ஓட்டோ தெருவுக்கு வந்ததும் றோய் அடக்கி வைத்ததை அவிழ்த்துவிட்டான். "மிஸ், எனக்குப் பள்ளிக்கூடத்தில கணக்கு வராது. ஆனா இது வருது. அந்த மனிசனுக்கு இப்ப அறுபது. எழுபத்திமூணில இருபத்திநாலு. அந்த வயசு ஆம்பிளை மை கிடைச்சா மீசைக்குத் தீட்டுவான். தாமரைக்கா தீட்டுவான்?"

அஜந்தா சிரித்தாள். "கெட்டிக்காரன். வேற என்ன கண்ட?"

"தேத்தண்ணியில உப்பு."

"அத வச்சிரு. மறுகா தேவைப்படும். படத்தில ஒரு மடிப்பு இருக்கு, மேல இருந்து கீழ வரைக்கும். கண்டியா?"

"கண்டன். நடுவில மடிக்காமக் கோணலா மடிச்சிருக்கான்."

"ஏன் கோணல்? நடுவில மடிச்சிருந்தா மடிப்பு ராசாட முகத்தில விழுந்திருக்கும். ஒரு விரல் தள்ளி மடிச்சதால ராணிட கையோட போகுது. ஒருத்தர்ர முகத்திலயும் படல்ல. கள்ளன் வந்தா சட்டத்தோட தூக்குவான் றோய், சட்டத்துக்குத்தான் விலை. இவன் சட்டத்த விட்டுட்டுப் படத்த மட்டும் எடுத்திருக்கான். அவசரமா மடிச்சிருக்கான். அந்த அவசரத்திலயும் முகத்தில மடிப்பு விழாமப் பாத்திருக்கான்."

றோய் சந்தியில் ஓட்டோவைத் திருப்பினான். பிறகு பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "மிஸ், நீலத் தொப்பி போட்ட ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ள விடுதி வாசல்ல இருந்து வாறான். நான் மெதுவாப் போனா அவனும் மெதுவாப் போறான். என்ட ஓட்டோவ விட மெதுவாப் போற மோட்டார் சைக்கிள நான் இண்டைக்குத்தான் பாக்கன்" என்றான்.

"திரும்பிப் பாக்காத."

காத்தான்குடியில் முத்தலிப் காக்காவின் பழைய சாமான் கடைக்குள் மணிக்கூடுகளும் பித்தளை விளக்குகளும் கிடந்தன. விடுதிக்குப் படம் அங்கிருந்துதான் போனது என்று விடுதிச் சொந்தக்காரி ஜோசப்பின் காலையிலேயே சொல்லியிருந்தாள். அழகரத்தினமும் போன கிழமை இங்கே வந்து விசாரித்திருக்கிறார். காக்கா தெரியாது என்று அனுப்பிவிட்டாராம்.

"அவருக்குத் தெரியா எண்டன். உனக்கு ஏன் புள்ள சொல்லணும்?" என்றார் முத்தலிப். கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"அவர் கொண்டு வந்த ஆளத் தேடுறாரு காக்கா. நான் அந்தப் படம் ஆருக்கு வந்த எண்டு தேடுறன்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போலும். "ஆனி மாசம் ஒரு புள்ள வந்தா. மாங்கேணி, பேர் சீதேவி. படத்த வச்சா. விலை பேசினன், காசு வேணாம் எண்டுட்டா. ஒரே ஒரு சொல்லுத்தான். இது கல்லடியில அந்த விடுதியிலதான் தொங்கணும், வேற எங்கயும் குடுக்கப்படாது எண்டா. நாப்பது வருசமா யாவாரம் செய்றன், இப்படி ஒரு ஆள நான் காணல்ல. அதால நானும் காசு வாங்காமத்தான் ஜோசப்பின் அம்மாட்டக் குடுத்தன்."

"விக்கிறவங்க எங்க தொங்கப்போகுது எண்டு கேக்கிறல்ல" என்றாள் அஜந்தா மெல்ல. "கடிதம் போடுறவங்கதான் முகவரி சொல்லுவாங்க."

திரும்பி விடுதிக்கு வந்து அவள் மண்டபத்துக்குள் போகாமல் பின்வாசலால் சமையலறைக்குள் நுழைந்தாள். தலைமைச் சமையற்காரி புஸ்பம் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, வெறும் கழுத்து, யாரோடும் அதிகம் பேசாதவள்.

"காலத்தால தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது நீங்கதானே?"

புஸ்பத்தின் கை நின்றது. "தெரியாமப் போட்டுட்டன்."

"சதீசன் எண்ட பேர் கேட்ட நேரம்."

"எனக்கு ஒருத்தரையும் தெரியா. எனக்கு ஒருத்தரும் இல்ல." சொல்லிவிட்டு அவள் கத்தியை எடுத்தாள். இறாலுக்கு அந்தக் கத்தி தேவையில்லை. றோய் ஓரடி பின்வாங்கினான்.

"நீங்க அந்த மனிசனோட வந்த ஆக்கள்" என்றாள் புஸ்பம். "போங்க."

அஜந்தா வாசலை மறிக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் பேசினாள். "அந்த மனிசன் எங்கள ஏமாத்தப் பாத்தாரு. பூவச் சின்ன வயசில தீட்டினாராம். படத்தில மடிப்பு வெடிச்ச இடத்தில மை உள்ளுக்க ஊறியிருக்கு. மடிச்ச பிறகு தீட்டினாத்தான் அப்படி ஊறும். சுனாமி வரைக்கும் படம் வீட்டில தொங்கினதாம், ஆனா தண்ணி படல்ல. எண்டா மடிச்சது சுனாமிக்கு முந்தினநாள் இல்லாட்டி அண்டைக்கு விடிய. அப்ப தீட்டினது அதுக்கும் பிறகு. கறுப்பு வெள்ளைப் படத்தில அந்தப் பூ சிவப்பு எண்டு ஆருக்குத் தெரியும் புஸ்பம்?"

கத்தி மேசையில் விழுந்தது.

"நான் செஞ்ச பூ" என்றாள் புஸ்பம். "ஒன்பது வயசு எனக்கு. கடுதாசியில செஞ்சு குடுத்தன், அப்பா மேடையில அதத்தான் புடிச்சாரு. தம்பி பிறந்து வளந்த பிறகு அவனுக்குப் படத்தக் காட்டிக் காட்டிச் சொல்லுவன், இது சிவப்புடா, அக்கா செஞ்சதுடா எண்டு." அவள் நிலத்தில் அமர்ந்துவிட்டாள். "கலியாணம் முடிச்சுச் சித்தாண்டிக்குப் போயிட்டன். அதுக்குப் பிறகு கல்லாத்தில என்னக் கண்ட ஆக்களும் குறைவு. புருசன் செத்த பிறகுதான் இஞ்ச வேலைக்கு வந்த. ஆனி மாசம் அந்தப் படத்தச் சுவரில கண்டன். பூவக் கண்டன். ஆரிட்டக் கேப்பன்? கேட்டா எந்தக் காதுக்குப் போகுமோ எண்டு பயம். தினமும் போய் நிண்டு பாப்பன். எல்லாரும் பாக்காங்கதானே, ஒருத்தருக்கும் தெரியாது."

"அழகரத்தினம் உங்கட பெரியப்பாட மகனா?"

"அப்பாக்கு அண்ணன் தம்பி இல்ல!"

காலையில் றோய் அந்த மனிதனோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறான். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். தெருவில் நீலத் தொப்பி ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

"கடிதம் ஒண்டு, வாசிச்ச ஆக்கள் ரெண்டு பேர்" என்றாள் அஜந்தா. "தம்பி உங்களுக்குப் போட்டான். அவர் நடுவில நிண்டு வாசிச்சுட்டாரு. மாங்கேணிக்கு வாறீங்களா?"

ஓட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, வடக்கே ஓடியது. நீலத் தொப்பி கூடவே வந்தது. சித்தாண்டி முருகன் கோயில் முன்னால் அஜந்தா நிறுத்தச் சொன்னாள்.

"கும்பிடப் போறமா? நான் மெதடிஸ்ட் மிஸ்."

"செருப்ப மட்டும் கழட்டு."

மூவரும் முன்வாசலால் உள்ளே போனார்கள். நீலத் தொப்பி ஓட்டோவைப் பார்த்தபடி மரநிழலில் சாய்ந்துகொண்டது. ஓட்டோ நிற்கும்வரை ஆட்களும் நிற்பார்கள் என்பது அவன் நினைப்பு. புஸ்பம் பதினெட்டு வருடம் வாழ்ந்த ஊர் அது. கோயில் வீதியைச் சுற்றிப் பின்பக்கம் வளவு ஒன்றுக்குள்ளால் அடுத்த தரிப்பிடத்துக்கு அவர்களைக் கூட்டிப் போனாள். வாகரை பஸ் வந்தது. ஏறி அமர்ந்த பிறகுதான் றோய் தன் கால்களைப் பார்த்தான்.

"ஓட்டோவையும் விட்டுட்டு, செருப்பையும் விட்டுட்டு வாறன். ரெண்டுக்கும் முருகன்தான் பொறுப்பு."

புஸ்பம் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். மாங்கேணியில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சீதேவியின் வீடு கடற்கரைப் பக்கம், நிவாரண வீடு. வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பெண் அவர்களைக் கண்டதும், "ராசன் கடலுக்குப் போயிட்டாரு" என்றாள் படபடப்பாக. யாரும் ராசனைப் பற்றி இன்னும் கேட்டிருக்கவில்லை.

தோணி ஒன்றின் மறைவிலிருந்து ஒரு மனிதன் எழுந்தான். தாடி, கருத்த உடம்பு, கையில் வலை. புஸ்பத்தைப் பார்த்தான். வலை கையிலிருந்து நழுவியது.

"நான் செஞ்ச பூவ விட உண்ட பூ நல்லாயில்லடா" என்றாள் புஸ்பம். அவன் ஓடி வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். றோய் கடலைப் பார்த்தான். பகிடி ஒன்றும் வரவில்லை.

பிறகு மணலில் அமர்ந்து சதீசன் நடந்ததைச் சொன்னான். அவர்களுடைய தெருவில் ஜசிந்தன் மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் ஆயுதம் ஏந்திய துவக்குக்காரர்கள் கூட்டிப் போகவிடாமல் மறித்தவர். நத்தார் அன்று, சுனாமிக்கு முந்தின இரவு, மாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"மாஸ்டர் சும்மா கதவு திறக்கிற ஆள் இல்ல. தெரிஞ்ச குரல் கூப்பிட்டதாலதான் திறந்தாரு. நான் வேலிக்குள்ள நிண்டு பாத்தன். கூப்பிட்டதும் வேன் ஓட்டினதும் அழகரத்தினம்தான். எங்கட வீட்டுக்கும் வந்து போற மனிசன் அவர். அந்தப் படத்துக்குக் கீழ இருந்து எத்தனை தரம் தேத்தண்ணி குடிச்சிருப்பாரு! மாஸ்டர ஏத்திக்கொண்டு வேன் கிறுகித் திரும்பேக்க வெளிச்சம் என்ட முகத்தில விழுந்திட்டு."

விடிந்தால் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். படத்தை மட்டும் சட்டத்திலிருந்து எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பினான். வாழைச்சேனை வந்து சேர்ந்தபோது கடல் வந்துவிட்டது.

"செத்த ஆக்கள்ட பட்டியலில என்ட பேரும் இருந்த. அதோட என்னத் தேடுறத விட்டுட்டாங்க. உயிரோட இருக்கன் எண்டு சொன்னா உன்னையும் சும்மா விடமாட்டாங்க அக்கா. அதான் இஞ்ச முகாமில வேற பேர் குடுத்தன். சண்டை முடிஞ்ச பிறகு பேப்பரில விடுதி திறந்த படம் வந்திச்சு. அதில கடைசியா நீ நிண்ட."

"அவரும் அங்க சாப்பிட வருவாரு எண்டு நினைக்கல்ல, என்ன?" என்றாள் அஜந்தா. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அழகரத்தினம்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அஜந்தா வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அனைவருக்கும் கேட்கும்படி போனை வைத்தாள்.

"தங்கச்சி, எங்க நிக்கிறீங்க? பொடியன் சொல்றான், ஓட்டோ நிக்குதாம், ஆக்களக் காணல்லயாம்." சொன்ன பிறகுதான் தன் வாய் தவறியதை உணர்ந்தவர் போலக் கனைத்தார். "இல்ல, உங்கட பாதுகாப்புக்குத்தான் ஒருத்தன அனுப்பினன்."

"அடேயப்பா" என்றான் றோய் சத்தமில்லாமல்.

"விசயம் முடிஞ்சுது ஐயா. சுனாமிக்குப் பிறகு கரையில கிடந்த பெட்டி ஒண்டுக்குள்ள இந்தப் படத்த ஒரு மீன்காரப் பொம்பிள எடுத்திருக்கா. படம் தனியாத்தான் வந்த. உங்கட தம்பியக் கடல்தான் கொண்டு போன."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "நல்லது" என்றது குரல். உடனே பதறி, "ஐயோ பாவம்" என்று சேர்த்துக்கொண்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

சீதேவியின் குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அவர் இனி உங்களத் தேடமாட்டாரு" என்றாள் அஜந்தா சதீசனிடம். "நீங்க ராசனாவே இருக்கலாம். அக்கா இடைக்கிட வந்து பாத்துட்டுப் போவா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இதுவும் ஒரு முடிவுதான்."

சதீசன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "மாஸ்டர்ர மனிசி என்ன செய்றா?"

புஸ்பம்தான் பதில் சொன்னாள். "மதுஷா ரீச்சரா? மாஸ்டர்ர போட்டோவ நெஞ்சில வச்சுக்கொண்டு கந்தோர் கந்தோரா அலையிறா. விடுதி வாசலாலதான் போவா. சில நாள் தண்ணி குடுப்பன். ஆர் கூட்டிப் போன எண்டு சொல்ல ஒரு சாட்சி இல்லயாம். அதுதான் எல்லாரும் அவட்டச் சொல்றாங்களாம்."

றோய் சதீசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் இரு தம்பி, பிள்ளை சின்னது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"உங்களுக்கு நம்பிக்கையான லோயர் ஆரும் இருக்காங்களா?" என்று கேட்டான் சதீசன்.

"இருக்காரு. திருகோணமலையில. நாளைக்கு விடிய உங்களையும் சீதேவியையும் பிள்ளையையும் அங்க கொண்டு போய் விடலாம். அதுக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் இருக்கக்கூடாது."

சதீசன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"எழுதுங்க" என்றான்.

அஜந்தா கொப்பியைத் திறந்தாள். பேனா எழுத மறுத்தது. றோய் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

"என்ட பேர் சாமித்தம்பி சதீசன்" என்று அவன் தொடங்கினான்.

கலியாணம் கட்டி நாலு வருடமாகியும் அவன் வாயால் அந்தப் பெயரைச் சீதேவி கேட்டது அன்றுதான்.